நிதி கேட்டு எழுதும் திட்ட முன்மொழிவு: வாசகர் கேள்விகள், பதில்கள்

ஊர் வேலைகளுக்கு நிதி கேட்டு எழுதுவது குறித்து அறக்கட்டளைகள், இளைஞர் அமைப்புகள், மகளிர் குழுக்கள் நடத்தும் வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் வரும் விலைகளும் தொகைகளும் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கானவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை பதிவாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு ஊருணிகளைத் தூர்வார சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்டு 38 பக்கத்தில் முன்மொழிவு எழுதி மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பினோம். மறுப்புக் கடிதம்கூட வரவில்லை. பிரதியை இணைத்துள்ளேன். எங்கே தவறு? – வாசகர், மானாமதுரை

பிரதியைப் படித்தோம். முதல் 11 பக்கங்கள் அறக்கட்டளையின் வரலாறும் விழாப் படங்களும். எவ்வளவு பணம் வேண்டும் என்பது 31ஆம் பக்கத்தில் வருகிறது. நிறுவனத்தில் இதைப் பிரித்துப் பார்ப்பவர் ஐந்து விஷயங்களைத் தேடுவார்: எந்த இடம், யாருக்கு, என்ன வேலை, எத்தனை மாதம், எவ்வளவு தொகை. அவை முதல் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டாம் பக்கத்தைப் புரட்டமாட்டார்.

முதல் பத்தி இப்படி இருக்கட்டும்: "சிவகங்கை மாவட்டம், மானாமதுரை ஒன்றியத்தில் நான்கு ஊராட்சிகளில் உள்ள நான்கு ஊருணிகளைத் தூர்வாரி, அவற்றின் வரத்துக்கால்களைச் சீரமைக்கும் திட்டம் இது. 610 குடும்பங்கள் பயன்பெறும். காலம் 8 மாதங்கள். மொத்தச் செலவு ரூ. 15,80,000. இதில் ஊர்ப் பங்களிப்பு ரூ. 1,60,000, உங்களிடம் கேட்பது ரூ. 14,20,000." இதற்குப் பிறகுதான் மற்றவை. அறக்கட்டளையின் வரலாற்றுக்கு ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்திலும் இதே மாதிரி வேலையை முன்பு எங்கே, எவ்வளவு செலவில் முடித்தீர்கள் என்பதுதான் முக்கியம்.

அச்சாகும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. முதலில் வேலைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். அடுத்து பட்ஜெட். பட்ஜெட் போடும்போதே பாதி வேலைகள் சரியாக யோசிக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும். திரும்பிப் போய்த் திருத்துங்கள். பிறகு பிரச்சினை விளக்கம், எதிர்பார்க்கும் விளைவு, கால அட்டவணை. சுருக்கத்தைக் கடைசியில் எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள். சுருக்கத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகு பட்ஜெட்டை மாற்றி, முதல் பக்கத்தில் பழைய தொகையையே விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. உங்கள் பிரதியிலும் அது இருக்கிறது: முகப்புக் கடிதத்தில் ஒரு தொகை, பட்ஜெட்டின் கூட்டுத்தொகை இன்னொன்று.

இன்னொன்று, மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே பிரதியை அனுப்பியிருக்கிறீர்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு ரூ. 500 கோடி, விற்றுமுதல் ரூ. 1,000 கோடி, நிகர லாபம் ரூ. 5 கோடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தத் துறைக்குச் செலவிடலாம் என்பது அந்தச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் உள்ளது. தங்கள் ஆலை, அலுவலகம் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நிறுவனங்கள் தங்கள் சி.எஸ்.ஆர். கொள்கையையும், ஒப்புதல் தந்த திட்டங்களையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதை அரை மணி நேரம் படித்தால் தண்ணீருக்குத் தருகிறார்களா, உங்கள் மாவட்டத்தில் தருகிறார்களா, ஒரு திட்டத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். கல்விக்கு மட்டும் தரும் நிறுவனத்திடம் ஊருணிக்குக் கேட்பதில் பயனில்லை.

கேள்வி: அதே மாதிரி ஊருணித் திட்டம்தான் எங்களுடையதும். "பிரச்சினை விளக்கம் பொதுவாக இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள்" என்று திருப்பிவிட்டார்கள். மூன்று பக்கம் புள்ளிவிவரத்தோடு எழுதியிருந்தோம். இன்னும் என்ன எழுத வேண்டும்? – வாசகர், பரமக்குடி

அந்த மூன்று பக்கமும் இந்தியாவின் நீர்த் தட்டுப்பாட்டைப் பற்றியதாக இருந்திருக்கும். படிப்பவருக்கு அது ஏற்கெனவே தெரியும். உங்கள் ஊருணியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதைத்தான் எழுத வேண்டும்.

வருடத்தில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது? முன்பு எத்தனை மாதம் நின்றது? வற்றிய பிறகு எங்கே போகிறார்கள், எத்தனை மீட்டர் தூரம், ஒரு குடம் என்ன விலை, ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு எத்தனை குடம்? இவற்றைத் தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். ஊரின் நடுத்தெருவில் மட்டும் கேட்காமல், கடைக்கோடித் தெருவிலும் காலனியிலும் கேளுங்கள். பதில்கள் வேறுபடும், அந்த வேறுபாட்டையும் எழுதுங்கள். 20 வீடுகளில் ஒரு தாளை நிரப்பி வாங்கினால் போதும். "தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாக உள்ளது" என்ற வரியைவிட "பிப்ரவரி கடைசியில் வற்றுகிறது, ஜூலை வரை 20 வீடுகளில் 17 வீடுகள் விலைக்கு வாங்குகின்றன" என்ற வரிக்கு வலு அதிகம்.

அடுத்தது காரணம். பலரும் சறுக்குவது இங்கேதான். "ஊருணி தூர்ந்துவிட்டது, ஆகவே தூர்வார வேண்டும்" என்று எழுதுவார்கள். அது எத்தனை அடி தூர்ந்திருக்கிறது? ஊருணிக்குள் ஐந்து இடங்களில் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். வண்டலின் நிறமும் அடியிலுள்ள களிமண்ணின் நிறமும் வேறாக இருக்கும். வண்டலின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். பிறகு வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எங்கே சாலை போட்டபோது குழாய்ப்பாலம் விட்டுப்போயிற்று, எங்கே வயலோடு சேர்த்து உழுதுவிட்டார்கள் என்று கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் வழி அடைபட்ட ஊருணியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் மழைக்குப் பிறகும் அது காலியாகவே கிடக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது "வரத்து எப்படி?" என்றுதான்.

ஆழத்திலும் கவனம் வேண்டும். வண்டலோடு நிறுத்தாமல் அடியிலுள்ள களிமண் படுகையையும் தோண்டிவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். ராமநாதபுரம் கரையோரப் பகுதிகளில் உப்பு நீர் ஊறிவிடும் ஆபத்தும் உண்டு. எவ்வளவு ஆழம் தோண்டுவீர்கள், எங்கே நிறுத்துவீர்கள் என்று எழுதிவிட்டால், வேலை தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை படிப்பவருக்கு வரும்.

இந்தப் பகுதியிலேயே உரிமையையும் தெளிவுபடுத்துங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். உங்கள் ஊருணி யார் பொறுப்பில் இருக்கிறது, சர்வே எண் என்ன, அனுமதி யாரிடம் வாங்குகிறீர்கள், தோண்டிய வண்டல் எங்கே போகும், அதை வெளியே கொண்டுபோக யாரிடம் அனுமதி கேட்டிருக்கிறீர்கள் என்பதெல்லாம் வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இணைந்திருந்தால் மிக நல்லது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு முந்தைய கூட்டத்திலேயே தீர்மானத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சி.எஸ்.ஆர். பட்ஜெட்டில் சம்பளம், வாடகை, ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார். 20 சதவீதம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? பட்ஜெட்டை எந்த அமைப்பில் போடுவது? – வாசகி, ஒட்டன்சத்திரம்

இரண்டும் வெவ்வேறு விதிகள். 5 சதவீதம் என்பது நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நிர்வகிக்கத் தானே செய்துகொள்ளும் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. எனவே உங்கள் களப்பணியாளரின் சம்பளம் அந்த 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டியதில்லை. 20 சதவீதம் என்பது வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளின் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு. 2020 திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்டது. இவை தவிர, நிதி தருபவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வரம்பு வைத்திருக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சம்பளத்தைப் "பயிற்சி" என்ற தலைப்பில் ஒளித்துவைக்காதீர்கள். தணிக்கையில் வெளிவந்தால் அந்த நிறுவனம் மீண்டும் உங்களுக்குத் தராது.

பட்ஜெட் அட்டவணையில் ஆறு பத்திகள் இருக்கட்டும்: செலவு இனம், அலகு, எண்ணிக்கை, அலகு விலை, தொகை, வேலை எண். கடைசிப் பத்தியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வேலைப் பட்டியலில் கொடுத்த எண்ணை ஒவ்வொரு செலவுக்கும் எதிரே எழுதிப் பாருங்கள். எந்த எண்ணும் பொருந்தாத செலவு இருந்தால் அது தேவையில்லாத செலவு, அல்லது நீங்கள் எழுத மறந்த வேலை. எந்தச் செலவும் சேராத வேலை இருந்தால் அது நடக்கப்போவதில்லை. மதிப்பீட்டாளரும் இதே பொருத்தத்தைத்தான் பார்க்கிறார்.

ஊருணி வேலையையே எடுத்துக்கொள்வோம். மேல்விளிம்புக்கும் அடிக்கும் சராசரி எடுத்து நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், வண்டல் ஆழம் 0.75 மீட்டர் என்றால் 1,800 கன மீட்டர். கரைச் சரிவைக் கழிக்காமல் மேல்விளிம்பு அளவை மட்டும் வைத்துப் பெருக்கினால் கூடுதலாக வரும். பொறியாளர் ஒருவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார். கன மீட்டருக்கு ரூ. 65 என்று கொட்டேஷன் வந்தால் ரூ. 1,17,000. அதே கொட்டேஷனின் அடியில் "ஜி.எஸ்.டி. தனி" என்று இருந்து, வரி 18 சதவீதம் என்றால் மேலும் ரூ. 21,060. இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டு, வேலை பாதியில் நின்ற திட்டங்கள் உண்டு.

மண் ஏற்றும் செலவில் அலகுக் குழப்பம் வரும். லாரிக்காரர்கள் யூனிட் கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். தோண்டிய மண் தளர்ந்து பெருகும். 20 சதவீதம் பெருகும் என்று வைத்தால் 1,800 கன மீட்டர் 2,160 ஆகிறது; அது சுமார் 763 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏறக்குறைய 255 நடை. பெருகுவதைச் சேர்க்காமல் போட்டால் 212 நடைக்குத்தான் பணம் இருக்கும். மீதி மண் கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் திரும்ப உள்ளே இறங்கும்.

"பயிற்சி – ரூ. 20,000" என்று மொத்தமாக எழுதாதீர்கள். 30 பேர், 2 நாள், சாப்பாடும் டீயும் தலைக்கு ரூ. 150 என்றால் ரூ. 9,000. மண்டப வாடகை 2 நாளுக்கு ரூ. 4,000. பயிற்றுநர் மதிப்பூதியம் நாளுக்கு ரூ. 1,500 வீதம் ரூ. 3,000. கையேடு 30 பிரதி, ரூ. 60 வீதம் ரூ. 1,800. ஆக மொத்தம் ரூ. 17,800. உருட்டிய எண்ணைவிட இந்த ஒழுங்கற்ற எண்ணையே படிப்பவர் நம்புவார். எப்படி வந்தது என்று அவராலேயே கூட்டிப் பார்க்க முடியும்.

சம்பளத்தில், அந்த நபர் தன் நேரத்தில் எவ்வளவு பங்கை இந்தத் திட்டத்துக்குத் தருகிறார் என்று குறிப்பிடுங்கள். மாதம் ரூ. 18,000 வாங்கும் ஒருங்கிணைப்பாளர் பாதி நேரம் என்றால் ரூ. 9,000 வீதம் 8 மாதத்துக்கு ரூ. 72,000. அவருடைய முழுச் சம்பளத்தையும் இரண்டு நிதியாளர்களிடம் காட்டுவது முறைகேடு. ஊர்மக்களின் உடலுழைப்பைப் பங்களிப்பாகக் காட்டலாம். எத்தனை பேர், எத்தனை நாள், உள்ளூர் நாட்கூலி எவ்வளவு என்ற கணக்கோடு காட்டுங்கள், வருகைப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் பொறியாளர் அளவெடுக்கும் கட்டணம், திட்டப் பலகை, தணிக்கைக் கட்டணம் ஆகிய மூன்றும் வழக்கமாக விட்டுப்போகிறவை. ரூ. 10,000-க்கு மேலான ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் இணைக்கும் வழக்கத்தை, யாரும் கேட்காவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள 120 குழந்தைகளுக்கு ஆறு ஊர்களில் மாலை வகுப்பு நடத்த நிதி கேட்கிறோம். "லாக்ஃப்ரேம்" இணைக்கச் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது? – வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி அமைப்பாக இருந்த யு.எஸ்.எய்ட் 1969-ல் தன் திட்டங்களுக்காக உருவாக்கிய அட்டவணை இது. பிறகு உலகெங்கும் பரவியது. நான்கு வரிசை, நான்கு பத்தி. வரிசைகள் மேலிருந்து கீழாக: நெடுநோக்கு, விளைவு, வெளியீடு, வேலைகள். பத்திகள்: விவரம், அளவுகோல், சான்று, அனுமானம்.

சிக்கல் வருவது வெளியீட்டுக்கும் விளைவுக்கும் இடையில். ஆறு மையங்கள், 120 குழந்தைகள், 160 நாள் வகுப்பு: இவை வெளியீடுகள். பணம் செலவழித்தால் இவை வந்துவிடும். குழந்தைகள் வாசிக்கக் கற்றார்களா என்பது விளைவு. "கல்வித் தரம் உயரும்" என்று எழுதினால் அளக்க முடியாது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலைபிரித்து ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லும் எளிய சோதனை இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வில் இந்த முறைதான். முதல் வாரத்திலேயே அதை நடத்தி, "120 பேரில் 2ஆம் வகுப்புக் கதையை வாசிப்பவர்கள் 38 பேர், பத்து மாதத்தில் 80 பேராக உயர்த்துவோம்" என்று எழுதலாம். தொடக்க அளவு இல்லாமல் இலக்கு எழுதினால் அந்த இலக்குக்குப் பொருளில்லை. 120 பேரும் வாசிப்பார்கள் என்று உறுதி தராதீர்கள். படிப்பவர் நம்பமாட்டார், நம்பினால் உங்களுக்குத்தான் சிக்கல்.

சான்று என்ற பத்தியில் குழந்தைவாரியான சோதனைத் தாள், வருகைப் பதிவேடு என்று எழுதுங்கள். அனுமானத்தில் உங்கள் கையில் இல்லாதவற்றை எழுதுங்கள்: பெற்றோர் வேலைக்காக ஊர்விட்டுப் போவது, மாம்பழப் பருவத்தில் பிள்ளைகள் தோப்புக்குப் போவது, தன்னார்வலர் திருமணமாகி வேறு ஊர் போவது. எழுதினால் பலவீனம் தெரிந்துவிடுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். எழுதாமல் விட்டவர்களிடம்தான் கேள்வி அதிகம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் மாற்று ஏற்பாட்டையும் சேர்த்து எழுதுங்கள். மையத்துக்கு ஒரு மாற்றுத் தன்னார்வலர் என்பது போல.

அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் படித்துச் சரிபாருங்கள்: இந்த வேலைகளைச் செய்து, இந்த அனுமானமும் நிலைத்தால், அடுத்த மேல்வரிசை உண்மையிலேயே நடக்குமா?

உங்கள் திட்டத்துக்கு இன்னொரு கேள்வி நிச்சயம் வரும். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் ஆகிய அரசுத் திட்டங்கள் இருக்கும்போது உங்களுடையது எதற்கு? அந்த ஆறு ஊர்களில் அவை இப்போது எந்த நிலையில் நடக்கின்றன, எந்தப் பிள்ளைகளுக்கு எட்டவில்லை, தலைமையாசிரியர் என்ன சொல்கிறார் என்று அரைப் பக்கம் எழுதி, அவருடைய கடிதத்தையும் இணையுங்கள்.

கேள்வி: நாங்கள் பதிவு செய்யாத இளைஞர் மன்றம். சி.எஸ்.ஆர். நிதி கேட்க முடியுமா? – வாசகர், பேராவூரணி

நேரடியாக முடியாது. நிறுவனம் அல்லது அரசு தொடங்கிய அமைப்புகளைத் தவிர மற்றவை பதிவான பொது அறக்கட்டளை, சங்கம் அல்லது நிறுவனங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான லாபநோக்கற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். வருமான வரிச் சட்டப்படியான 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து பெற்ற எண்ணும் வேண்டும். இப்போதைக்கு, தகுதியுள்ள அமைப்பு ஒன்றின் உள்ளூர்ப் பங்காளியாகச் சேருங்கள். பணம் அந்த அமைப்பின் கணக்கில் இருக்கட்டும். கடைக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அங்கிருந்தே போகட்டும். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று இரண்டு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அமைப்பு தரும் பணம் வெளிநாட்டு நன்கொடையா என்று கேளுங்கள். அப்படியானால் அதை உங்கள் கணக்குக்கு மாற்ற 2020 முதல் சட்டத்தில் இடமில்லை. இதற்கிடையில் இப்போது செய்யும் வேலைகளுக்குத் தேதி, படம், ரசீது எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். பதிவு செய்த பிறகு அனுபவத்தைக் காட்ட உதவும்.

கேள்வி: முன்மொழிவைத் தமிழில் எழுதலாமா? – வாசகி, நாமக்கல்

மாவட்ட நிர்வாகத்துக்கும் மாநிலத் துறைகளுக்கும் தமிழிலேயே எழுதுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்கும். அப்போதும் முதல் வடிவம் தமிழில் இருப்பது நல்லது. களப்பணியாளர்களும் ஊர்க்காரர்களும் படித்துத் திருத்த முடியும். மொழிபெயர்த்த பிறகு எண்களை மட்டும் ஒருமுறை தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சம், கோடி மாறும்போது ஒரு பூஜ்யம் தவறுவது சாதாரணமாக நடக்கிறது.

கேள்வி: திட்டம் ஒப்புதலாகியும் பணம் ஐந்து மாதம் தாமதமாக வந்ததால் மழைக்கு முன் குளத்து வேலையை முடிக்க முடியவில்லை. அட்டவணையில் இதை எப்படிக் காட்டியிருக்க வேண்டும்? – வாசகர், அறந்தாங்கி

"முதல் மாதம், இரண்டாம் மாதம்" என்று மட்டும் போட்டால் எந்த மாதத்தில் தொடங்கினாலும் சரி என்று பொருளாகிவிடும். மண் வேலைக்கு அது ஆகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே இரண்டு அட்டவணைகள் கொடுங்கள். ஏப்ரலுக்குள் பணம் வந்தால் செப்டம்பருக்குள் தோண்டி முடிப்போம். ஜூலைக்குப் பிறகு வந்தால் இந்த ஆண்டு வரத்துக்காலும் கருவேலம் அகற்றுவதும் மட்டும். தோண்டுவது தண்ணீர் வற்றிய பின் மார்ச்சில் தொடங்கும். இரண்டாவது அட்டவணை அடுத்த நிதியாண்டுக்குள் போவதால், அதை "தொடர் திட்டம்" என்று நிறுவனம் வகைப்படுத்த வேண்டியிருக்கும்; தொடங்கிய ஆண்டைச் சேர்க்காமல் மூன்று ஆண்டுகள் வரை நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. இதை ஒப்புதலுக்கு முன்பே பேசிவிடுங்கள். மார்ச் 31 நெருங்கிய பிறகு பேசினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

தவணையையும் பாருங்கள். 40, 40, 20 சதவீதம் என்று பிரித்து, கடைசி 20 சதவீதத்தை அறிக்கை கிடைத்த பிறகு தருவதாக இருந்தால், ரூ. 14,20,000 திட்டத்தில் ரூ. 2,84,000-ஐ நீங்கள் கைப்பணத்தில் போட்டுத்தான் வேலையை முடிக்க வேண்டும். அது உங்களால் முடியாதென்றால் 50, 40, 10 என்று கேளுங்கள். காரணத்தை எழுதிக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

பணம் வந்த நாளிலிருந்து திட்டத்துக்குத் தனிப் பேரேடு, எல்லா ரசீதும் அறக்கட்டளையின் பெயரில். தோண்டுவதற்கு முந்தைய அளவும் தேதியுள்ள படங்களும் இல்லையென்றால், எவ்வளவு மண் எடுத்தீர்கள் என்பதை நிறைவறிக்கையில் நிரூபிக்க வழியில்லை, ஜே.சி.பி. ஊருக்குள் வரும் முன்பே பொறியாளரை வரவழைத்துவிடுங்கள்.